முடிச்சுக்குத் தண்ணீர்

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். சுகம் விசாரித்தே ஒரு பக்கத்தை நிரப்புகிற பொறுமை இன்றைக்கு எனக்கு இல்லை, அதனால் நேராகச் சொல்கிறேன். நேற்று அஸர் தொழுதுவிட்டு முசல்லாவை மடிக்கும்போது உன் மனைவி ஷிஃபானா போனில் கோல் எடுத்தாள். பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரிக் குரலை இறக்கிக் கதைத்தாள். "மாமி, இவங்க மணி வேல வேணாம் எண்டுறாங்க. பெருநாளைக்கு மாலை கட்டித் தாறன் எண்டு ரெண்டு பேருக்கு வாக்குக் குடுத்திட்டன். இப்ப அவங்களுக்கு என்ன சொல்ற?" என்று கேட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான். உன்னைக் குறை சொல்லி ஒரு சொல்லும் சொல்லவில்லை, அதை முதலில் தெரிந்துகொள்.

உடனே உனக்கு எடுத்தேன். நீ ஓட்டோவில் ஆளை ஏற்றிக்கொண்டு இருந்தாய். "உம்மா, அவ வீட்ல நிம்மதியா இருக்கட்டும். நான் உழைக்கிறன்தானே. சனம் வாசல்ல வந்து நிண்டு கத்துறத இன்னொரு தரம் பாக்க என்னால ஏலாது" என்றாய். பிறகு எடுக்கிறேன் என்று வைத்தாய். எடுக்கவில்லை. அந்த நேரத்திலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டேன். ஊசியில் நூல் கோர்த்து வைத்துவிட்டு அதே ஊசியைத் தேடினேன். இன்று லுஹரில் மூன்றாவது ரக்அத்தா நான்காவதா என்று தடுமாறி, மறதிக்குச் செய்கிற ஸஹ்வுடைய ஸுஜூதும் செய்துதான் முடித்தேன். வாப்பா வாசலில் இருந்து வலையைப் பார்த்துக்கொண்டே, "நீ நடக்கிற நடையில சீமெந்து தேஞ்சிரும் புள்ள. சொல்ல இருக்கிறத எழுதிப் போடு" என்றார். எழுதுகிறேன். என் கோலை நீ வெட்டலாம். பேஸ்புக்கில், நாலு பேர் வாசிக்கிற இடத்தில் வருகிற கடிதத்தை வெட்ட முடியாது. உன்னைப்போல நல்ல மனத்தோடு மனைவியைத் தடுத்து வைத்திருக்கிற வேறு பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்கள் வாசித்தாலும் குற்றமில்லை.

மகன், உன் மனதில் இருப்பது ஒரு பெருநாள். எனக்கு அது தெரியும். நீ அந்தப் பெருநாளைக் கண்டாய், அதற்குப் பிறகு வந்த நாட்களைக் காணவில்லை. கண்டது பாதி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு ஷிஃபானாவுக்குத் தீர்ப்புச் சொல்கிறாய். மீதியை நான் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. அதனால் தொடக்கத்திலிருந்து வருகிறேன்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்து, சனம் போக வர ஆரம்பித்த காலத்தில் கற்பிட்டிச் சந்தையில் ஒரு பாசிமணி மாலை வாங்கினேன். நாலு கோர்வை, நடுவில் பூ. கழுத்தில் ஒரு நாள்கூடப் போடாமல் அதைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பாயில் பரப்பினேன். உனக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. "உம்மாக்குப் பைத்தியமா?" என்று கேட்டாய். எந்த மணிக்குப் பிறகு எந்த மணி வருகிறது, நூல் எங்கே திரும்பிப் போகிறது என்று பார்க்க எனக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. மூன்று தரம் கட்டி அவிழ்த்து நாலாவது தரத்தில் பூ பூவாக வந்தது. நூலுக்கு நான் எங்கேயும் போகவில்லை. வாப்பா தூண்டிலுக்குக் கட்டுகிற நைலோன் நூல், அந்தத் தங்கூசிச் சுருள் வீட்டில் தொங்கிக்கொண்டு இருந்தது. அறுக்குளா மீன் இழுத்தாலும் அறாத தங்கூசி ஒரு பெண்ணின் கழுத்தில் கிடக்கிற மணியைத் தாங்காதா என்று நினைத்தேன். முடிச்சும் அவருடையதுதான். தூண்டில் கட்டும்போது அவர் நூலைச் சுற்றி, வாயில் வைத்து எச்சிலில் நனைத்து, பிறகு இழுத்து இறுக்குவார். அவர் வாயில் வைத்தார், நானும் வைத்தேன். எதற்காக என்று கேட்கவில்லை. அவருடைய பழக்கம் என்று நினைத்துவிட்டேன்.

அந்த மணிகள் எனக்கு என்ன தந்தன என்று உனக்கு விளங்கவேண்டும். யுத்தத்தில் மன்னாரை விட்டு இந்தப் புத்தளப் பக்கத்துக்கு வந்து அவ்வளவு காலமாகியும் இந்த ஒழுங்கையில் நம்முடைய வீட்டுக்கு ஒரே பெயர்தான் இருந்தது. கடிதம் கொண்டு வருகிறவன் கேட்டால், "அந்த அகதிப் பொம்பிளைட வீடா? அங்கால" என்று கையைக் காட்டுவார்கள். கெட்ட எண்ணம் இல்லை, வேறு பெயர் தெரியாது. மாலை கட்டத் தொடங்கிய பிறகு பெண்கள் வாசல் கடப்பைத் தாண்டி உள்ளே வந்தார்கள். பாயில் இருந்தார்கள். நிறம் தேர்ந்தெடுக்க ஒரு மணித்தியாலம், அந்த ஒரு மணித்தியாலத்தில் மகளுடைய கலியாணம், மாமியாருடைய வாய், கணவனுடைய இருமல் எல்லாம் கதைத்துவிட்டுப் போவார்கள். மாம்புரியிலிருந்துகூட ஒரு மணப்பெண்ணுக்கு மாலை கேட்டு வந்தார்கள். அப்போதுதான் எனக்கு இந்த ஊரில் ஒரு பெயர் வந்தது.

பிறகு அந்த ரமழான் வந்தது. பெருநாளுக்கென்று கேட்டவர்கள் அதிகம். ஸுபஹ் தொழுது, குர்ஆன் ஓதிவிட்டு, லுஹர் வரைக்கும் கட்டுவேன். ஒவ்வொரு மணிக்கும் ஒரு ஸலவாத் என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன், வேலையும் போகும், நன்மையும் சேரும். ஆனால் நோன்போடு தங்கூசியை வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. சொந்த எச்சில் நோன்பை முறிக்காது என்று எனக்குத் தெரியும். அந்த நூலுக்கு ஒரு சுவை உண்டு, அது தொண்டைக்குள் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அதனால் காய்ந்தபடியே முடிச்சுப் போட்டேன். இறுக்கிப் பார்த்தேன், இறுகியது. பேணுதலாக நோன்பு பிடித்த மனத்திருப்தியோடு ஒவ்வொரு மாலையையும் கடதாசியில் சுற்றி அனுப்பினேன்.

பெருநாள் காலையில் திடலில் தொழுகை. பெண்கள் வரிசையில் நான், என்னிடம் மாலை வாங்கிய நஸீராவுக்குப் பின்னால் நின்றேன். இரண்டாவது ரக்அத்தில் ஸுஜூதுக்குக் குனிந்தபோது ஒரு சத்தம் கேட்டது. பன்பாயில் மணி விழுகிற சத்தம். அந்தச் சத்தம் எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? ஒன்று, இரண்டு, பிறகு மழை மாதிரி. நெற்றி தரையில், மணிகள் உருண்டு வந்து என் விரல்களில் முட்டி நிற்கின்றன. அந்த ஸுஜூதில் நான் ஓதவேண்டியதை ஓதினேனா, யா அல்லாஹ் இது என்னுடைய மாலையாக இருக்கக் கூடாது என்று மட்டும் கேட்டேனா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பின்னேரம் நடந்தது உனக்குத் தெரியும். நஸீராவும் இன்னும் இரண்டு பேரும் மணிகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வாசலில் வந்து நின்றார்கள். "ராத்தா, ஸுஜூதுல இருந்து எழும்புறன், எண்ட மணியே எண்ட நெத்தியில ஒட்டிட்டு இருக்கு. செவப்பு மணி. எண்ட மாமி பாத்திட்டு, என்னடி பொட்டு வச்சிட்டா திடலுக்கு வந்த எண்டு கேக்கிறா" என்று நஸீரா கத்தினாள். மற்ற இரண்டு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பினார்கள். நீதான் சிரிக்கவில்லை. புதுச் சேர்ட்டோடு குறுக்கே வந்து நின்று, "பெருநாளும் அதுவுமா வாசல்ல வந்து கத்துறீங்களே, வெக்கமில்லையா?" என்று கேட்டாய். அவள் விடுகிற ஆளா? "வெக்கம் எங்களுக்கில்ல தம்பி, கட்டிக் குடுத்தவங்களுக்கு" என்றாள். அவர்கள் போனதும் மணிப் பெட்டியைத் தூக்கி அலுமாரிக்கு மேலே, சுவரோடு தள்ளி வைத்தாய். என் கை அங்கே எட்டாது என்று உனக்குத் தெரியும். "இனி இது இறங்காது உம்மா" என்றாய். என்னைக் காப்பாற்றத்தான் செய்தாய், மகன். அந்த வாரமே கொழும்பில் புடைவைக் கடை வேலைக்கு பஸ் ஏறினாய்.

நீ காணாதது இங்கேயிருந்து. நீ போன மறுநாள் நம்முடைய ஒழுங்கைப் பௌசியா வந்தாள், அவளுடைய தங்கச்சியின் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு. கழுத்தில் நான் நோன்பில் கட்டிக் கொடுத்த நீல மாலை. பிள்ளை அதைப் பிடித்துத் தொங்குகிறது. மாலை அப்படியே இருக்கிறது. "என்ன ராத்தா, ஊர்ல எல்லாருட மாலையும் அந்து போச்சாம். எனக்கு மட்டும் இரும்புக் கம்பியில கட்டினயா?" என்று சிரித்தாள். அதே தங்கூசி, அதே பெட்டி, அதே கை. அவள் போன பிறகு குசினிக்கும் வாசலுக்குமாக நடந்தேன், நேற்று நடந்த மாதிரியே. தேத்தண்ணி ஊற்றி ஒரு வாய் குடித்தபோதுதான் ஞாபகம் வந்தது. அந்த நீல மாலையைக் கட்டிய நாளிலும் நான் தேத்தண்ணி குடித்தேன், குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து, நோன்பாளிகளான உனக்கும் வாப்பாவுக்கும் தெரியாமல். பெண்களுக்கு நோன்பை விடுகிற நாட்கள் உண்டு. நீ கலியாணம் முடித்தவன், விளங்கும்; மற்றவர்களும் வாசிக்கிற கடிதம் என்பதால் இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். அந்த நாட்களில் என் வாய்க்குத் தடை இருக்கவில்லை. பழக்க தோஷத்தில் முடிச்சை நாக்கில் வைத்து நனைத்துத்தான் இறுக்கியிருக்கிறேன்.

கதிரையை இழுத்து அலுமாரிக்குப் பக்கத்தில் போட்டு ஏறினேன். அது ஒரு கால் ஆடுகிற கதிரை. கடலில் இருந்து வந்த வாப்பா என்னை அந்தக் கோலத்தில் கண்டார். இறங்கு என்று சொல்லவில்லை, தள்ளு நான் எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை. வந்து கதிரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெட்டியை நானே இறக்கினேன். அவருக்கு முன்னால் ஒரு முடிச்சை நனைத்துப் போட்டேன், ஒரு முடிச்சைக் காய்ந்தபடி போட்டேன். இரண்டையும் இழுக்கச் சொன்னேன். காய்ந்தது அவர் கையில் பட்டென்று அறுந்தது.

"என்னத்துக்குடி காஞ்ச முடிச்சுப் போட்ட? காஞ்சபடி இறுக்கினா உரசுற சூட்டுல தங்கூசி தன்னத் தானே சுட்டுக்கொள்ளும். இப்ப பிடிச்ச மாதிரி இருக்கும், பிறகு அந்த இடத்திலதான் அறும்" என்றார்.

"நோன்பில நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"கடல் எவ்வளவு தண்ணிய வச்சிட்டு இருக்கு. அதுல ஒருக்கா முக்கி எடுப்பம்."

"இத ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே புள்ள."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேலா என் மேலா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு கோப்பைத் தண்ணீர் பக்கத்தில் இருந்திருந்தால் முடிந்திருக்கும் காரியம். பேணுதல் என்று நினைத்துச் செய்ததில் பேணுதல் குறையவில்லை, கேள்விதான் குறைந்தது. கேட்காமல் விட்டது கூச்சம். நான் கேட்டால் உனக்கு ஏன் இந்த வேலை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயமும். ஷிஃபானாவும் இப்போது உன்னிடம் எதையும் கேட்கமாட்டாள், மகன். குரலை இறக்கி என்னிடம்தான் கேட்பாள். இதை யோசி.

எந்த மாலை எந்த வீட்டுக்குப் போனது என்று எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு இருந்தபடியால் ஒரு வீட்டையும் விடாமல் போக முடிந்தது. முதலில் நஸீராவின் வீடு. அங்கே போகத்தான் கால் கூசியது, அதனால்தான் அதை முதலில் வைத்தேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு கதிரையைக் காட்டினாள். நான் பாயில் இருந்து பெட்டியைத் திறந்து, ஒரு கோப்பை தண்ணி தாங்க என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பெருநாள் முடிந்து ஆறு நோன்பு பிடிக்கிற நாட்கள்.

"என்ன ராத்தா, ஆறு நோன்பு பிடிக்கல்லயா? ஊருக்கெல்லாம் நீங்கதானே ஹதீஸ் சொல்ற."

"பிடிச்சிருக்கன். தண்ணி எனக்கில்ல, முடிச்சுக்கு."

பூப்போட்ட ஒரு பீங்கான் கோப்பையில் கொண்டுவந்து வைத்தாள். நான் முடிச்சை முக்கி எடுத்து இறுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்டாள், சொன்னேன். கதவுக்குப் பின்னால் தேத்தண்ணி குடித்த கதையையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, பக்கத்து வீட்டு மச்சியைக் கூப்பிட்டுச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். முடித்துக் கொடுத்த மாலையை இரண்டு கையாலும் பிடித்து, அறுத்தே தீருவேன் என்கிற மாதிரி இழுத்துப் பார்த்தாள். அறவில்லை. நான் எழும்பும்போது கோப்பைத் தண்ணீரை வாசலில் வீசிவிட்டு அதை என் பெட்டிக்குள் வைத்தாள். "கொண்டு போங்க. அடுத்த நோன்புக்கும் கட்டுவீங்கதானே" என்றாள். அந்த வாய்தான் மாம்புரி வரைக்கும் கதையைக் கொண்டு போனது. முடிச்சுக்குத் தண்ணி காட்டுற பொம்பிளை என்று சொல்லிக்கொண்டு அடுத்த ரமழானில் ஆட்கள் வந்தார்கள்.

எல்லாம் இப்படி முடிந்தது என்று நினைக்காதே. வாசலுக்கு வந்து கத்தாத பெண்களும் இருந்தார்கள். அறுந்த மாலையைக் கடதாசியில் சுற்றி அலுமாரிக்குள் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தவர்கள். அவர்களுடைய வீட்டுக்கு நானாகப் போய்க் கட்டிக் கொடுத்தேன், தேத்தண்ணிக்கு இன்னொரு நாள் வாங்க என்று அன்பாகச் சொன்னார்கள், பிறகு ஒருவரும் என்னிடம் வாங்கவில்லை. நீ எந்தச் சத்தத்துக்குப் பயந்து ஷிஃபானாவைத் தடுக்கிறாயோ அந்தச் சத்தம்தான் எனக்கு வழி காட்டியது. பயப்படவேண்டியது அந்த அன்பான குரலுக்கு.

இப்போது உன் வீட்டைப் பார். மன்னாரில் வாப்பாவின் காணியில் திரும்பக் குடியேறவேண்டும் என்று நீ ஆசைப்பட்டுப் போனாய், நாங்களும் துஆ செய்து அனுப்பினோம். காலையில் நீ ஓட்டோவை எடுத்தால் மஃரிபுக்குத்தான் வருகிறாய். ஷிஃபானா இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அங்கே அவளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? போன மாதம் சிரித்துக்கொண்டே சொன்னாள், "மாமி, இஞ்ச நான் புத்தளத்துப் பொம்பிளை." நானும் சிரித்தேன். கோலை வைத்த பிறகு எனக்கு அந்தக் கடிதம் கொண்டு வருகிறவனின் ஞாபகம் வந்தது. இங்கே நாங்கள் மன்னார்ச் சனம், அங்கே நீங்கள் புத்தளத்துச் சனம். மணி பார்க்க வந்த இரண்டு பெண்கள்தான் அந்த ஊரில் முதன்முதலாக அவளுடைய வாசலுக்கு வந்தவர்கள். அவர்களுக்குக் கொடுத்த வாக்கை அவள் வாயாலேயே திருப்பி எடுக்கச் சொல்கிறாய். நீ உழைக்கிறாய், அல்ஹம்துலில்லாஹ், அதை யாரும் குறைக்கவில்லை. ஆனால் உன் உழைப்பால் அவளுக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுக்க முடியாது.

அவள் பிழை விடுவாள். மாலை கட்டப் பழக்கும்போதே என் பிழையை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், ஆகவே வேறு ஒரு பிழை, அந்த ஊருக்கும் அவள் கைக்கும் உரிய பிழை வரும். யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். அப்போது நீ வீட்டில் இருந்தால் குறுக்கே போகாதே. உள்ளே வரச் சொல், இருக்கச் சொல், பிறகு நீ வெளியே போ. அவளுடைய கணக்கை அவள் எழுதட்டும், காட்டினால் பார், காட்டாவிட்டால் கேட்காதே.

நோன்புப் பிறை பார்க்க இன்னும் அதிக நாள் இல்லை. அதனால்தான் என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. நீ யோசித்து முடிவெடுக்கிற வரைக்கும் அந்த இரண்டு பெண்களும் காத்திருக்கமாட்டார்கள், வேறு இடத்தில் வாங்கிவிடுவார்கள், அந்த வாசலுக்குத் திரும்பி வரவும் மாட்டார்கள். எனவே உன்னுடைய பதிலுக்கு நான் நிற்கவில்லை. நீ அலுமாரிக்கு மேலே வைத்த அதே பெட்டியைக் காலி செய்து, அவளுக்கு வேண்டிய நிறங்களையும் ஒரு புதுத் தங்கூசிச் சுருளையும் கொக்கிகளையும் வைத்துக் கட்டியிருக்கிறேன். எந்தப் பொதியில் என்ன, எவ்வளவு என்று எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நாளைக் காலை மன்னார் பஸ்ஸில் வாப்பா ஏற்றிவிடுவார். பெட்டியின் மேல் எழுதியிருப்பது உன்னுடைய பெயர். அவள் போனால் கொண்டக்டர் கொடுக்கமாட்டார், நீதான் பஸ் நிலையத்துக்குப் போய் வாங்கவேண்டும். நீ போகாவிட்டால் பெட்டி அதே பஸ்ஸில் திரும்பி வரும். வந்தால் அடுத்த நாள் மறுபடியும் அனுப்புவேன். கொண்டக்டருக்கு அலுத்துப் போகும், எனக்கு அலுக்காது.

வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் கை எட்டுகிற இடத்தில் வை. பழைய துணியில் சுற்றி ஒரு பூப்போட்ட கோப்பை இருக்கும், உடையாமல் எடு. அன்றைக்கு நீ வாசலில் நின்று சண்டை பிடித்தாயே, அந்த நஸீரா கொடுத்தது. ஷிஃபானா மணிகளைப் பிரித்து வைக்கட்டும், நிறம் பார்க்கட்டும், பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கட்டும். அதில் ஒன்றிலும் நீ கை வைக்காதே. கோப்பைக்குத் தண்ணீர் மட்டும் நீ ஊற்று.

உன் உம்மா